கொடியோன் பிறந்த கதை

கதை கேட்கும் பிள்ளைகளிடத்தில் இயல்பாக எழும் வினாக்களுள் ஒன்று, கதையில் வரும் கொடியவன் எவ்வாறு கொடியவன் ஆனான் என்பது. கதாநாயகனைப் பற்றி அவர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. நல்லவன் நல்லவனாக இருப்பதை உலகியல்பென ஏற்றுக்கொள்ளுகின்றார்கள். தீயவன் தீயவனாக இருப்பதற்கு மாத்திரம் காரணம் வேண்டி நிற்கிறார்கள். நமது கூத்து மேடையிலே மத்தளம் அதிர வருகின்ற அசுர வேந்தன், தன் வரவிலேயே தான் இன்னானென்று அறிவித்துவிடுகின்றான். அவன் சிறுவனாயிருந்த காலத்தை மேடை காட்டுவதில்லை. அந்தக் காலத்தைக் காட்டுவதையே தம் பொருளாகக் கொண்ட நாவல்கள் இன்று உலகெங்கும் இளைஞரால் விரும்பி வாசிக்கப்படுகின்றன. அவை சொல்லுவது யாது, அவற்றை நம் பிள்ளைகள் எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பன பற்றியே இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

முதலில் இந்நாவல்களின் குலம் எது என்பதை அறிதல் நன்று. 1516 ஆம் ஆண்டிலே தோமஸ் மோர் என்னும் ஆங்கில அறிஞர், குறைவற்ற ஆட்சி நிலவும் ஒரு தீவைக் கற்பனை செய்து இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அத்தீவின் பெயர் யுற்றோப்பியா. பின்வந்தோர் அக்கற்பனையைத் தலைகீழாக்கினர். மனிதரின் அறிவும் அதிகாரமும் அறத்திலிருந்து பிரிந்துவிட்டால் நாளைய உலகு எத்தகைய சிறைச்சாலையாகும் என்று எழுதிக் காட்டினர். 1932 இல் வெளிவந்த அல்டஸ் ஹக்ஸ்லியின் நாவலும், 1949 இல் வெளிவந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் நாவலும் இவ்வகையில் முதன்மையானவை. அவை முதிர்ந்தோர்க்கு எழுதப்பட்டவை. பின்னர் பதின்மூன்று, பதினான்கு வயதினரையும் வாசகராகக் கொண்டு இத்தகைய நாவல்கள் எழுந்தன. அவற்றை இளையோருக்கான கொடுங்கோல் உலகக் கதைகள் என நாம் அழைக்கலாம்.

அவற்றுள் பெரும்புகழ் பெற்றது சுசான் கொலின்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையாகும். பட்டினி விளையாட்டுக்கள் என்று தமிழிற் சொல்லலாம். 2008, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் அதன் முதல் மூன்று நூல்களும் வெளிவந்தன. பனெம் என்பது ஆசிரியை கற்பித்த நாடு. அதன் தலைநகர் கப்பிற்றல். அதனை ஊட்டி வளர்ப்பவை பன்னிரண்டு மாவட்டங்கள். முன்னொரு காலத்தில் அம்மாவட்டங்கள் கிளர்ச்சி செய்து தோற்றன. அத்தோல்விக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பெண்பிள்ளையையும் தலைநகருக்கு அளித்தல் வேண்டும். அந்த இருபத்துநால்வரும் ஓர் அரங்கிலே விடப்பட்டு, ஒருவர் எஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியிற் பார்க்க வேண்டும். இந்தக் கொடுமைக்கெல்லாம் மேலாக வீற்றிருப்பவன் கொரியோலேனஸ் ஸ்நோ என்னும் முதிய சனாதிபதி. வெண்மையான ரோசா மலரைச் சூடியவன். தன் வழியில் நின்றோரை நஞ்சூட்டிக் கொன்று உயர்ந்தவன்.

முதல் மூன்று நூல்களிலும் அவன் கொடியவனாகவே வருகின்றான். 2020 ஆம் ஆண்டிலே ஆசிரியை மற்றொரு நூலை வெளியிட்டார். பாடும் பறவைகளையும் பாம்புகளையும் பற்றிய கதைப்பாடல் என்று பொருள்படுவது அதன் தலைப்பு. 2023 இல் அது திரைப்படமாகவும் வந்தது. முந்திய கதைக்கு அறுபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்வதாக அமைந்த அந்நூலில் ஸ்நோ பதினெட்டு வயது மாணவன். தந்தை போரில் மாண்டவர். தாயும் பிறந்த குழந்தையும் பிரசவத்தில் இறந்தனர். நகரம் கிளர்ச்சியாளரால் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், பசியினால் மனிதர் மனிதரையே உண்ணத் துணிந்த காட்சியைச் சிறுவனாயிருந்தபோதே கண்டவன் அவன். பெரிய குடும்பத்துப் பெயரும் பெரிய வீடும் உண்டு. அடுப்பிலே கோவாக் கஞ்சியன்றி வேறில்லை. இந்த வறுமையை ஊரார் அறியாமல் மறைத்துப் பாடசாலைக்குப் போகின்றான். ஒரு பரிசு கிடைத்தாலொழியப் பல்கலைக்கழகம் செல்ல வழியில்லை.

இதனை வாசிக்கும் எந்தப் பிள்ளைக்கும் அவன்மீது இரக்கம் பிறத்தல் இயல்பு. அந்த இரக்கத்திலிருந்துதான் சிக்கல் தொடங்குகின்றது. 'அவனும் பட்டினி கிடந்தவன்தானே. அவனுக்கும் யுத்தம் தகப்பனைத் தின்றதுதானே. பிறகு அவன் அப்படி ஆனதில் என்ன பிழை?' என்று இளையோர் கேட்கின்றனர். இவ்வினாவை நியூ யோர்க் நகரத்துப் பிள்ளை கேட்பது ஒன்று. பருத்தித்துறையிற் பிறந்த பிள்ளை கேட்பது வேறொன்று. 1983 முதல் 2009 வரை இந்நாடு யுத்தத்தைக் கண்டது. 1987 ஆம் ஆண்டின் வடமராட்சிப் படை நடவடிக்கையையும், அதன் பின்னர் வந்த இடம்பெயர்வுகளையும், 2004 மார்கழியிற் கரையை விழுங்கிய ஆழிப்பேரலையையும் இப்பகுதியின் பெற்றோர் கண்டிருக்கின்றனர். இன்று நம் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகள் யுத்தத்திற்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் அவர்களின் வீட்டுச் சுவரிலே மாலையிட்ட படங்கள் தொங்குகின்றன. துன்பப்பட்டவன் துன்பஞ் செய்தற்கு உரிமை பெறுகின்றானா என்பது அவர்களைப் பொறுத்தவரையில் வெறும் இலக்கியக் கேள்வியன்று. நம் நாட்டில் எந்த மொழி பேசுவோருக்கும், எந்தச் சமயத்தவருக்கும் அது அவ்வாறே.

இக்கேள்வி மேல்நாட்டு நாவலோடு நமக்கு வந்த புதுக்கேள்வியும் அன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே தலைமுறை தலைமுறையாகப் படித்துப் பயன் சொல்லப்பட்டு வரும் கந்தபுராணம் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கின்றது. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய அந்நூல் ஆறு காண்டங்களையும் 10,345 பாடல்களையும் கொண்டது. நம்மவரின் வாழ்வில் அது ஊறிக் கிடந்தமையாலேயே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நமது பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு வழங்கினார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைக்க, எழுத்தறியாத பாட்டிமாரும் கேட்டுத் தெளிந்த நூல் அது. அதன் இரண்டாவது காண்டத்துக்கு அசுர காண்டம் என்று பெயர். வேலேந்திய பெருமான் பிறந்த கதையைச் சொன்னவுடன், அவரை எதிர்க்கப்போகும் சூரபன்மன் பிறந்து வளர்ந்து ஆண்ட கதையைக் கச்சியப்பர் ஒரு முழுக் காண்டமாக விரித்துரைக்கின்றார். கொடியோனின் பூர்வகதை அவருக்குப் போகிறபோக்கிற் சொல்லும் செய்தியாகத் தோன்றவில்லை.

அக்கதையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். தேவர்களிடம் தோற்றுத் தம் குலம் அழிந்தமையால் வருந்தியிருக்கிறான் அசுரேந்திரன் என்னும் அசுர மன்னன். அவன் மகள் சுரசை. அசுர குருவாகிய சுக்கிராசாரியாரிடம் அவள் மாயவித்தைகளைக் கற்று, மாயை என்னும் பெயரைப் பெறுகின்றாள். தவத்தில் இருக்கும் காசிப முனிவரை மயக்கி அவரிடம் பிள்ளைகளைப் பெற்று, அவர்களைக் கொண்டு தேவரை வருத்துக என்பது குரு அவளுக்கு இட்ட பணி. அவ்வாறே ஓர் இரவின் நான்கு யாமங்களிலும் முறையே சூரபன்மனும், சிங்கமுகனும், தாரகனும், அசமுகி என்னும் பெண்ணும் பிறக்கின்றனர். ஆகவே இப்பிள்ளைகள் பிறக்குமுன்னரே அவர்களுக்கென ஒரு பகை காத்திருந்தது. பெரியோர் தீர்க்காத கணக்கைத் தீர்ப்பதற்காகவே அவர்கள் பெறப்பட்டனர். ஸ்நோவும் இவ்வாறே, தந்தையர் நடத்திய போரின் மிச்சத்தைச் சுமந்து வளர்ந்தவன்.

பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் உபதேசிப்பவர் தந்தை. தருமத்தின் உயர்வையும் பாவத்தின் பயனையும் தவத்தின் வலிமையையும் காசிபர் எடுத்துரைக்கின்றார். உதாரணமாக மார்க்கண்டேயரின் வரலாற்றைக் கூறுகின்றார். பதினாறு வயதில் இறக்க விதிக்கப்பட்ட ஒரு சிறுவன், பக்தியினால் கூற்றுவனையே வென்ற கதை அது. அடுத்து வருவது தாயின் உபதேசம். தந்தை சொன்னது முனிவருக்கு உரியது. உங்களுக்கு வேண்டியவை செல்வமும் ஆற்றலும் ஆட்சியுமே. அவற்றைப் பெறுவதற்கு வேள்வி செய்யுங்கள் என்பது அவள் சொல்லின் சாரம். பிள்ளைகள் தாயின் சொல்லை ஏற்கின்றனர். இரண்டு உபதேசங்களையும் கவி அடுத்தடுத்து வைத்திருப்பது கருதத்தக்கது. நல்லது சொல்ல ஆளில்லாமல் சூரன் கெடவில்லை. இரண்டையும் கேட்டு ஒன்றைத் தெரிந்துகொண்டான்.

இனி வேள்வியைப் பாருங்கள். சூரபன்மனின் விடாமுயற்சிக்கு இணை காண்பது அரிது. நெடுங்காலம் வேள்வி செய்கின்றான். இறைவன் வெளிப்படாதபோது தன் தசையை அரிந்து தீயில் இடுகின்றான். ஈற்றில் தன் உடலையே அவியாக்குகின்றான். பரமசிவன் வெளிப்பட்டு, ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகங்கள் ஆளும் வரத்தை அளிக்கின்றார். மார்க்கண்டேயருக்கும் இவனுக்கும் மனவுறுதியில் வேறுபாடில்லை. எதற்காக அவ்வுறுதி என்பதில்தான் வேறுபாடு. பாடசாலை நடத்துவோர் இவ்விடத்திற் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தொடக்கம் பல்கலைக்கழக அனுமதி வரை முயல்க, முந்துக, வெல்லுக என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றோம். வென்றபின் யாது செய்வது என்பதனைச் சொல்லுவதற்கு நேரசூசியில் இடம் வைத்திருக்கிறோமா? ஸ்நோவும் தன் வகுப்பில் முன்னணி மாணவன் என்பதை மறத்தலாகாது.

வரம் பெற்றவுடன் சூரன் கெட்டுவிடவில்லை. மூன்றாவது உபதேசம் ஒன்று இருக்கின்றது. வரம் பெற்றுத் திரும்பியவன் சுக்கிராசாரியாரிடம் செல்லுகின்றான். புண்ணியம் என்றும் பாவம் என்றும் வேறுபாடு கருத வேண்டியதில்லை. தேவர் உன் பகைவர். அவர்தம் செல்வத்தைக் கவர்க, அவரை வருத்துக என்று குரு போதிக்கின்றார். தந்தையின் உபதேசம் நெஞ்சின் மூலையில் எங்காவது கிடந்திருக்குமாயின், அதனையும் துடைத்தெறிவது இவ்வுபதேசம். தாய் ஆசையைத் தந்தாள்; குரு அந்த ஆசைக்கு ஒரு தத்துவத்தைத் தருகின்றார். ஆசை மாத்திரம் உள்ளவன் எப்போதாவது நாணக்கூடும். தத்துவமும் சேர்ந்துவிட்டால் நாணத்துக்கு இடமில்லை.

கொலின்ஸ் எழுதிய நாவலிலும் இதே ஆசனத்தில் ஓர் ஆசிரியை அமர்ந்திருக்கின்றார். வொலும்னியா கோல் என்பது அவர் பெயர். கொலை விளையாட்டுக்களின் தலைமைச் சூத்திரதாரி, விஞ்ஞானி, மாணவர்க்கு மனித இயல்பு பற்றிப் பாடம் சொல்லுபவர். அரங்கிலே விடப்பட்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லுவதைக் காட்டி, மனிதன் இயல்பிலேயே கொடியவன், ஆகவே அவனை ஒடுக்கும் வலிய அரசு வேண்டும் என்று ஸ்நோவை அவர் தேற்றுகின்றார். பிள்ளைகளைப் பட்டினியிட்டு, ஆயுதம் கொடுத்து, கூண்டிலடைத்த பின்னர், பாருங்கள் இவர்கள் எவ்வளவு கொடியவர்கள் என்று சொல்லும் இந்த நியாயத்தின் பொய்மையை வாசகர் காணலாம். ஸ்நோ காண மறுக்கின்றான். கண்டால் அவன் ஏறவேண்டிய ஏணி உடைந்துவிடும். இந்நூலின் முகப்பிலே ஆசிரியை ஹொப்ஸ், லொக், ரூசோ ஆகிய தத்துவ அறிஞர்களின் வாசகங்களைப் பொறித்திருக்கின்றார். அரசு இல்லாவிடின் மனிதன் யார் என்பது அம்மூவரும் ஆராய்ந்த பொருள். அதே முகப்பில் மேரி ஷெல்லியின் வாசகமும் உண்டு. 1818 இல் அவர் எழுதிய நாவலிலே, தன்னைப் படைத்தவனாலேயே கைவிடப்பட்ட ஓர் உயிர் அன்புக்கு ஏங்கிப் பின் கொலையாளியாகின்றது. கொடியோனின் பூர்வகதையை இளையோர் உள்ளத்தில் ஊன்றிய மேல்நாட்டு நூல்களுள் அதுவும் ஒன்று.

சூரபன்மனின் ஆட்சியை இனி நோக்குவோம். தேவதச்சனைக் கொண்டு தென்கடலிலே வீரமகேந்திரபுரியை அமைத்து முடிசூடுகின்றான். தேவர்கள் அவனுக்கு ஏவலாளராகின்றனர். கடலிலே மீன் பிடித்துச் சுமந்து வருமாறு அவர்களுக்குக் கட்டளை பிறக்கின்றது. தொட்டிலிற் கிடந்த தன் மகன்மீது வெயில் பட்டதென்று சூரியன் சிறைபிடிக்கப்படுகின்றான். இந்திரன் தலைமறைந்து சீகாழியில் வாழ்கின்றான். இந்திராணியைக் கவரச் சென்ற அசமுகியின் கை வெட்டப்பட்டபோது, சூரன் சினங்கொண்டு இந்திரன் மகன் சயந்தனையும் தேவரையும் சிறையிலிடுகின்றான். தங்கை செய்த குற்றம் யாது என்று அவன் விசாரிக்கவில்லை. இயற்கையே அதிகாரத்துக்கு அஞ்சி நடக்கும் உலகு. உயர்ந்தோர் கூலிகளாகிய உலகு. குற்றம் செய்யாதோர் நிறைந்த சிறை. மேல்நாட்டார் இன்று எழுதும் கொடுங்கோல் உலகின் அடையாளங்கள் யாவும் இங்கே இருக்கின்றன.

இவ்வளவையும் சொன்ன கவி, சூரனுக்கு உண்டான பிறப்பும் வளர்ப்பும் உபதேசமும் மற்றொருவனுக்கும் உண்டு என்பதை நமக்கு நினைவூட்டுகின்றார். அவன் சிங்கமுகன். அதே தாய், அதே இரவு, அதே வேள்வி. ஆயினும் முருகப்பெருமானின் தூதராக வீரவாகுதேவர் வந்து சென்ற பின்னர், தேவரைச் சிறைவிடுமாறு அண்ணனுக்கு எடுத்துரைக்கும் அறிவு அவனிடத்தில் எஞ்சியிருக்கின்றது. அண்ணன் கேளாதபோது, உடன்பிறப்பென்னும் கட்டை அறுக்கமாட்டாமல் அவனோடு நின்று மாள்கின்றான். கும்பகர்ணனை நினைவூட்டும் பாத்திரம் அது. ஸ்நோவின் கதையில் இந்த இடத்தில் நிற்பவள் அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த உறவுப்பெண் ரைகிரிஸ். அவன் கிடந்த பட்டினியை அவளும் கிடந்தாள். அவனுக்கு அஞ்சத்தக்கதாயிருந்த இருளெல்லாம் அவளுக்கும் இருந்தது. அவள் அப்பசியிலிருந்து இரக்கத்தைக் கற்றாள். அவனோ ஒருபோதும் கீழே இருக்கலாகாது என்பதைக் கற்றான்.

பூர்வகதை கூறும் நல்ல நூல் யாதாயினும், அதில் இத்தகைய ஓர் உடன்பயணி இருப்பதைக் காணலாம். அவரே அக்கதையின் நியாயத் தராசு. பசியும் போரும் கொடியோனை உண்டாக்கிய காரணங்கள் என்பது மெய். அவை போதிய காரணங்களாயின் ரைகிரிசும் கொடியவளாகியிருத்தல் வேண்டும். அவள் அவ்வாறாகவில்லை. ஆகவே காரணத்துக்கும் செயலுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் மனிதன் தெரிவு செய்கின்றான். ஸ்நோவின் தெரிவு நடக்கும் இடத்தை ஆசிரியை ஒளிக்காமற் காட்டுகின்றார். செஜேனஸ் என்னும் நண்பன் அவனைச் சகோதரனாக நம்பித் தன் இரகசியத்தைக் கூறுகின்றான். கேட்டதைக் கேட்டவாறே ஒப்புவிக்கும் ஒரு பறவையைக் கொண்டு அப்பேச்சைப் பதிந்து, ஸ்நோ அதனைக் கோல் அம்மையாருக்கு அனுப்பிவிடுகின்றான். நண்பன் தூக்கிலிடப்படுகின்றான். அப்போது ஸ்நோ பசித்திருக்கவில்லை. அவனை எவரும் முற்றுகையிடவும் இல்லை. அச்செயலை அவனுடைய பாலியத் துன்பத்தின்மேல் ஏற்றிவிடுதல் இயலாது.

காரணம் அறிதல் வேறு, மன்னித்தல் வேறு, புகழ்தல் வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பூர்வகதைகளைப் பற்றிய மயக்கம் உண்டாகின்றது. தமிழிலே கொடியோனென வழங்கப்பட்டவனை நாயகனாக உயர்த்திய நூல்கள் உண்டு. புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியம் 1946 இல் வெளிவந்து, 1948 இல் தடைசெய்யப்பட்டு, 1971 இல் தடைநீங்கியது. நமது நாட்டிலும் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் நெறியாள்கையிலே, சி. மௌனகுரு அவர்கள் எழுதிய இராவணேசன் கூத்து பேராதனைப் பல்கலைக்கழக மாணவரால் மேடையேறி, வடமோடிக் கூத்துக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தது. இவை கொடியவன் என்னும் பெயரே ஒருதலைப்பட்சமானது என்று வழக்காடும் ஆக்கங்கள், அல்லது பெருவீரன் ஒருவனின் வீழ்ச்சியைத் துயரமாகக் காட்டும் ஆக்கங்கள். அசுர காண்டமும் கொலின்சின் நாவலும் வேறு வகையின. இவற்றில் வருபவன் கொடியவன் என்பதில் ஐயமில்லை. அவன் எப்படி அவ்விடத்தை அடைந்தான் என்பதே ஆராய்ச்சி. இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்கிவிட்டால், இரக்கம் கொள்ளவும் வேண்டும் தீர்ப்புக் கூறவும் வேண்டும் என்னும் இரட்டைக் கடமையைப் பிள்ளைகள் எளிதில் விளங்கிக்கொள்வர்.

கந்தபுராணம் இன்னுமொரு நுட்பத்தை வைத்திருக்கின்றது. தேவர் ஏன் இவ்வளவு துன்புற்றனர் என்னும் வினாவுக்கு அந்நூல் தரும் விடை, சிவனை இகழ்ந்து தக்கன் செய்த வேள்வியில் அவர்களும் சென்று அவியுண்டனர் என்பது. அதற்கெனவே தக்க காண்டம் என ஒரு காண்டம் நூலில் அமைந்திருக்கின்றது. அநீதி நடந்த சபையிலே வாய்திறவாதிருந்து விருந்துண்டவர்கள் பின்னாளில் மீன் சுமந்தார்கள். கொடியோன் தனியே வளர்வதில்லை என்பது இதன் பொருள். அவன் வளர்வதற்குச் சமுதாயம் நெடுநாள் உடந்தையாய் இருந்திருக்கும். ஸ்நோவின் நாட்டிலும் இதனைக் காண்கிறோம். அக்கொலை விளையாட்டை முதலிற் கற்பனை செய்தவர் ஹைபொற்றம் என்னும் கல்விமான். மாணவப் பருவத்திலே, தண்டனைகளில் மிகக் கொடியது யாதெனச் சிந்திக்கும் ஒரு பயிற்சியாக அது எழுதப்பட்டது. ஸ்நோவின் தந்தை அதனைக் கோல் அம்மையாரிடம் கையளித்தார். வகுப்பறையில் எழுதிய கட்டுரை நாட்டின் சட்டமாயிற்று. எழுதியவர் வாழ்நாள் முழுவதும் அதனை எண்ணி நொந்தார், தடுத்து நிறுத்தினாரல்லர்.

இரு கதைகளும் பிரியும் இடம் ஒன்று உண்டு. பனெம் நாட்டின் முதிய சனாதிபதி, ஆட்சி கவிழ்ந்து, கூட்டத்தின் நடுவே மாண்டு போகின்றான். அவனிடத்தில் மாற்றம் எதுவும் நிகழவில்லை. சூரபன்மனின் முடிவு அத்தகையதன்று. போர்க்களத்திலே முருகப்பெருமான் தம் பேருருவைக் காட்ட, சூரன் பகையை மறந்து வியந்து தொழுகின்றான். அந்த நேரத்தில், காசிபர் விதைத்த விதை இத்தனை யுகங்களுக்குப் பின்னரும் முளைக்கும் ஆற்றல் இழக்கவில்லை என்று எண்ணத் தோன்றுகின்றது. பேருருவம் மறைந்ததும் பழைய அகந்தை திரும்புகின்றது. மீண்டும் போர் புரிகின்றான். நடுக்கடலில் மாமரமாகி நிற்கின்றான். வேல் அம்மரத்தை இருகூறாக்குகின்றது. கூறுகள் மயிலும் சேவலுமாகி எதிர்க்க, பெருமான் அவற்றை வாகனமும் கொடியுமாக ஏற்றுக்கொள்ளுகின்றார். அவன் செய்த கொடுமைகள் சரியென்று நூல் எங்கும் சொல்லவில்லை. தண்டனையை ஒரு வரியிலேனும் குறைக்கவில்லை. ஆயினும் தண்டனைக்குப் பின்னும் அவனுக்கு உலகில் ஓர் இடம் இருக்கின்றது. தீர்ப்பையும் அருளையும் ஒருங்கே காட்டிய இம்முடிவு, நீண்ட பகையிலிருந்து மீளும் எந்தச் சமுதாயத்துக்கும் சிந்திக்கத்தக்கது.

ஆகவே இத்தகைய நாவல்களை நம் பிள்ளைகள் வாசிப்பதைப் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. இருண்ட கதைகள் மனத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர், இருண்ட காலத்தை நேரிற் கண்ட மூத்தோரோடுதான் பிள்ளைகள் வாழ்கின்றார்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. வீட்டில் எவரும் பேசாத பொருளைக் கதை பேசுகின்றது. தடுப்பதைவிட உடனிருந்து வாசிப்பது பயன்தரும். அவ்வாறு வாசிக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்கலாம். அவனுக்கு எவை நேர்ந்தன என்பது முதலாவது. அவன் என்ன செய்தான், அப்போது வேறு வழி இருந்ததா என்பது இரண்டாவது. அதே துன்பத்தைப் பட்டு வேறுவழி சென்றவர் அக்கதையில் யார் என்பது மூன்றாவது. முதல் வினாவோடு நின்றால் இரக்கம் மாத்திரம் மிஞ்சும். இரண்டாவதோடு நின்றால் கோபம் மாத்திரம் மிஞ்சும். மூன்றாவதையும் கேட்டால், தனக்கும் ஒரு தெரிவு உண்டென்பதைப் பிள்ளை அறியும். வசதியுள்ள ஆசிரியர்கள் ஸ்நோவின் கதையையும் அசுர காண்டத்தின் உபதேசப் படலங்களையும் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். மேல்நாட்டு நூலை விரும்பும் மாணவன் அதன் வாயிலாகத் தன் வீட்டு நூலை வந்தடைவான்.

ஐப்பசி மாதத்துக் கந்தசட்டியின் இறுதிநாளிலே குடாநாட்டின் முருகன் கோயில்களில் சூரன்போர் நடைபெறும். சூரனின் உருவத்தை அடியார் தோளிற் சுமந்து ஆட்டுவர். யானைமுகமும் சிங்கமுகமும் சூரனின் முகமும் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். பின்னர் மாமரம் வரும். ஈற்றில் சேவலும் மயிலும் வரும். தந்தையின் தோளிலிருந்து அதனைக் காணும் குழந்தை, முகம் மாறும்போதெல்லாம் ஏன் என்று கேட்கும். அந்த 'ஏன்' என்பதற்குச் சோம்பாமல் விடை கூறுங்கள். சூரனுக்கு நல்லது சொன்ன ஒரு தகப்பன் இருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.